எச்சம் என்றால் பிள்ளை

என் அம்மா முனியம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது ஒரு கல். இளையவள் நான்.

கல்லுக்கு வயது எட்டுக் கோடி வருஷம் இருக்கும் என்கிறார்கள். எனக்குப் பதினாறு. வயசுக்காவது மூத்ததுக்கு நான் மரியாதை கொடுத்திருக்கலாம். கொடுத்ததில்லை. பழுப்பாக, ஒரு மாங்காய் அளவில், ஒரு பக்கம் சப்பி, மேலே சுருள் சுருளாகக் கோடு. அதன் அழகு அவ்வளவுதான். ஆனால் அம்மா அதைத் துடைக்கும்போது பார்க்க வேண்டும். மற்ற கற்களுக்கெல்லாம் கிழிந்த பனியன் துணி. அதற்கு மட்டும் வெள்ளை மல் துணி. என் தலையை அவள் ஒருநாளும் அவ்வளவு பொறுமையாகத் துவட்டியதில்லை.

அம்மா வேலை பார்ப்பது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன மியூசியத்தில். மியூசியம் என்றால் எழும்பூர் மாதிரி நினைத்துவிடாதீர்கள். ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம், மூன்று அறை. ராஜகோபாலன் சார் என்று ஜியாலஜி படித்தவர் ஒருவர். வேலையில் இருந்த காலமெல்லாம் அரியலூர்ப் பக்கத்து ஓடைகளில் குனிந்து குனிந்து பொறுக்கியவை அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. கல்லாகிப்போன நத்தை, கல்லாகிப்போன சிப்பி, சுறாவின் பல். அரியலூர் கடலுக்கு அடியில் கிடந்த காலத்தில் செத்த ஜீவன்கள். சுவரில் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்று உண்டு. பட்டனை அமுக்கினால் அரியலூர் எரியும். இப்போது பல்பு போய்விட்டதால் பட்டனை அமுக்கினால் பட்டன்தான் உள்ளே போகும். மூலையில் பச்சைப் பெயின்ட் அடித்த தெர்மாகோல் டைனோசர். அதன் வாலை உடைத்தது நான் என்று இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை.

அம்மா அங்கே பெருக்கித் துடைக்கத்தான் சேர்ந்தாள். அப்போது எங்களுக்கு அடையாற்றங்கரையில் குடிசை. மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். சார் வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வதைத் துடைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். ஒருநாள் சாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்றைக்குப் பார்த்து ஐம்பது பிள்ளைகள் வந்து நின்றார்கள். அம்மா துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டுப் பேச ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு சாரின் தொண்டை சரியானதை யாரும் கவனிக்கவில்லை.

அவள் ஒரு வேலை செய்வாள். சாரின் மனைவி விசாலாக்ஷி மாமியின் பழைய ஒன்பது கஜம் புடவை ஒன்றை அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பிள்ளைகளை விட்டே பிடிக்கச் சொல்வாள். "அந்தாண்டக் கடக்கோடி இருக்குது பாரு, அங்க பூமி பொறந்துச்சி. நடந்து வா, நடந்து வா, ஒண்ணுமில்ல, வெறும் பாசி. இன்னும் வா. தோ, முந்தானைக்கி அர சாண் முன்னால டைனோசர் செத்துப்போச்சி. மனுசன் எங்கேன்னு கேளு." பிள்ளைகள் கேட்பார்கள். முந்தானையில் தொங்கும் ஒரு நூலின் நுனியை விரலால் சுண்டுவாள். "இத்தான் நீயும் நானும். இதுக்குத்தான் இம்மா ஆட்டம்."

சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். அவர்களைப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் அம்மா வீட்டில் பேசுகிற மொத்தப் பேச்சு, சாப்ட்டியா, லைட்ட அணை, அவ்வளவுதான். அதனால் அவள் உள்ளே பேசும்போது நான் கேட்பதில்லை. வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளின் செருப்புகளை ஜோடி மாற்றிக்கொண்டிருப்பேன்.

இப்போது அந்தக் கல்லின் கதை.

பெட்டியில் அதற்குக் கீழே சார் டைப் அடித்து வைத்திருந்தது ஒரே ஒரு சொல்: எச்சம். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "எச்சம்னா இன்னா சார்?" என்று கேட்டாளாம். சார் ரொம்பக் கூச்ச சுபாவம். கொஞ்ச நேரம் மேல்கூரையைப் பார்த்துவிட்டு, "விட்டுட்டுப் போறதும்மா. நமக்கப்பறம் குழந்தைகள் இருக்கறதில்லையா... எச்சம்னா சந்ததின்னும் அர்த்தம் உண்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். சாருக்கும் மாமிக்கும் குழந்தை இல்லை. அதற்குமேல் கேட்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. எச்சம் என்றால் பிள்ளை. இது டைனோசரின் பிள்ளை, முட்டையிலிருந்து வெளியே வராமலே கல்லாகிவிட்டது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அவள் அந்தப் பெட்டிக்கு வரும்போதெல்லாம் சாருக்கு மாடியில் ஏதாவது வேலை வந்துவிடுமாம்.

எச்சத்தில் நான் கொஞ்சம் அனுபவசாலி. பெயரெச்சமும் வினையெச்சமும் பரீட்சையில் என்னைக் கவிழ்த்த இரண்டு பேர். பத்தாவதில் கணக்கு போனது, பதினொன்றில் நானே போய்விட்டேன். இப்போது தி.நகரில் ஒரு துணிக்கடையில் மத்தியானத்துக்குமேல், வாங்காமல் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற சுடிதார்களை மடித்து வைக்கிறேன். காலையில் அம்மாவோடு மியூசியத்துக்கு வந்து வம்பு பண்ணுகிறேன்.

ஆனால் என் பொறாமைக்குக் காரணம் மல் துணி இல்லை. வெள்ளம்.

எனக்கு அப்போது ஆறு வயசு. அப்பா கதிரேசன் கட்டட வேலைக்குத் திருப்பூர்ப் பக்கம் போயிருந்தார். முந்தின நாள் முழுக்க மழை. விடிந்ததும் மாமியின் போன். "முனியம்மா, வாசப்படிக்குத் தண்ணி வந்துடுத்து. சாரால குனிஞ்சு தூக்க முடியல. ஒரு நடை வந்துட்டுப் போயேன்." அம்மா என்னைப் போர்வையில் சுற்றி, "அர அவர்ல வந்துர்றேன், எங்கியும் போவாத" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அங்கே அறுபத்திரண்டு தட்டுக் கற்களை மாடிக்கு ஏற்றினாள். முதலில் தூக்கியது அந்த மாங்காய்க் கல்லை. மடியில் கட்டிக்கொண்டு படி ஏறினாளாம். மாமி இதை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாள்.

அதே நேரம் ஆறு எங்கள் குடிசைக்குள் வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் குடிசை அஃப்சருன்னிசா அக்காதான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் ஏற்றினாள். ஒன்றரை நாள் அங்கே இருந்தோம். யாரோ படகில் வந்து ரொட்டி கொடுத்தார்கள். அதைத் தின்று எனக்கு வயிற்றால் போனதை அஃப்சருன்னிசா அக்கா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்வாள். மறுநாள் மத்தியானம் அம்மா கழுத்தளவுத் தண்ணீரில் வந்து சேர்ந்தாள். வந்ததும் என்னை அறைந்தாள். பிறகு அழுதாள். அந்த வரிசை எனக்கு இன்னும் விளங்கவில்லை. பிறகு குடிசை போய், பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அந்த நாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அன்றைக்கு அந்த மடியில் ஏறியிருக்க வேண்டியது நான். ஏறியது கல். பத்து வருஷமாக அதை நான் மன்னிக்கவில்லை.

சார் நாலு வருஷத்துக்கு முன் இறந்துபோனார். இந்த ஜூனில் மாமி புதிதாக லாவண்யாவைக் கூட்டிவந்தாள். எம்.எஸ்ஸி. ஜியாலஜி, கண்ணாடி, ஜோல்னாப் பை, எல்லாரையும் அக்கா என்று கூப்பிடுகிற வாய். வந்த அன்றே சுறாப்பல் பெட்டியிலிருந்து ஒரு பல்லை எடுத்து, "இது புளியங்கொட்டை" என்றாள். அது நான் வைத்தது. இரண்டு மாசமாக ஒருத்தரும் கண்டுபிடிக்காமல் பிழைத்த கொட்டை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. லாவண்யா கண்ணாடியில் விரல் வைத்த இடத்தையெல்லாம் அம்மா பின்னாலேயே போய்த் துடைத்தாள். லாவண்யாவுக்குப் போடும் டீயில் மட்டும் சர்க்கரை மறந்துபோகும்.

"முனியம்மா, லாவண்யா படிச்சவ. இனிமே கொழந்தைகளுக்கு அவ சொல்லட்டும். நீ தொடைச்சுண்டு, கதவைப் பாத்துண்டு இருந்தா போறும்" என்றாள் மாமி ஒருநாள்.

அம்மா துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் தண்ணீரே இல்லை. "ஒரே ஒரு வாட்டி நீங்க ஒக்காந்து கேளுங்க மாமி. அப்பால சொல்லுங்க."

மாமி யோசித்தாள். "சரி. வர சனிக்கிழமை நீ சொல்லு. நானும் லாவண்யாவும் கேக்கறோம். சரியா இருந்தா சனிக்கிழமை ஒன்னோடது. இல்லேன்னா மனசுல வெச்சுக்கப்படாது."

அந்த வாரம் முழுக்க அம்மா பஸ்ஸில் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த ஆள் அவள் ஜெபம் பண்ணுகிறாள் என்று எழுந்து இடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை லாவண்யா புதிய லேபிள்களை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். "திங்கக்கிழமை மாத்திக்கலாம் அன்பு. நாளைக்கு அக்காவுக்குப் பழைய லேபிளே இருக்கட்டும், பழக்கம் இல்லையா" என்று என்னிடம் கட்டைக் கொடுத்தாள். நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மாங்காய்க் கல்லின் எண்ணுக்கு நேராக இருந்ததைப் படித்தேன். மறுபடி படித்தேன்.

கல்லாகிய சாணம்.

"அக்கா, இது முட்டை இல்ல?"

"முட்டையா? யார் சொன்னா? சாணம்தான். தொல்லுயிர் எச்சம்னு சொல்றோம் இல்ல, இது நெஜமாவே எச்சம். காக்கா எச்சம் மாதிரி. டைனோசரோடதுன்னுகூட சொல்ல முடியாது. பெரிய மீனோ, கடல் பல்லியோ, எதுவோ ஒண்ணு போட்டுட்டுப் போயிருக்கு."

அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை எழுதினால் பாவம் வரும். பத்து வருஷமாக நான் பொறாமைப்பட்டது ஒரு மீன் போட்ட ஆய்க்கு! மல் துணி! மடி! நான் லாவண்யாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பின்பக்கம் பக்கெட் கழுவும்போது பெட்டியைத் திறந்து, அந்த ஒரு லேபிளை மட்டும் பழையதற்கு முன்னால் சொருகினேன். அம்மா அதைக் கவனிக்க மாட்டாள். அந்தப் பெட்டியில் படிக்க அவளுக்கு ஒன்றுமில்லை. கவனிக்கப் போவது பிள்ளைகள். நாளைக்கு அவள் 'பிள்ளை பிள்ளை' என்று உருகும்போது எவனாவது ஒருத்தன் சத்தமாகப் படிப்பான்.

சனிக்கிழமை அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். மாமி பிரம்பு நாற்காலியில். லாவண்யா சுவரோரம், நோட்டுப் புத்தகத்தோடு. நான் முதல்முறையாக உள்ளே நின்றேன். செருப்பு மாற்றப் போகவில்லை. கூத்தை விட்டுவிடக் கூடாதே.

அம்மா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். புடவை நீண்டது, நூல் நுனி சுண்டப்பட்டது, மாமிகூடச் சிரித்தாள். லாவண்யா நோட்டில் என்னவோ வேகமாக எழுதினாள். கடைசியில் அந்தப் பெட்டிக்கு வந்தார்கள்.

"இத்தப் பாருங்க கண்ணுங்களா. எச்சம்னா இன்னா? விட்டுட்டுப் போனது. புள்ள. முட்டைக்குள்ள இருந்த புள்ள."

லாவண்யாவின் பேனா நின்றது.

"இதோட அம்மா எங்க ஆன்ட்டி?" என்றாள் ஒரு சிறுமி.

"அதான் சொல்லிகினு வரேன். அன்னிக்கி மழ. அம்மாக்காரிய வேற ஒரு எடத்துல கூப்ட்டாங்கோ. போவலன்னா முடியாத எடம். அர அவர்ல வந்துடலாம்னு நென்ச்சிகினு போச்சி."

"டைனோசருக்கு அவர்லாம் தெரியுமா?" என்று முன்வரிசைப் பையன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

"தெரியாமத்தானே போச்சி" என்றாள் அம்மா. அவள் சிரிக்கவில்லை. "அப்பால கடல் உள்ள வந்துருச்சி. அம்மாக்காரி ஓடியாந்திச்சி. கழுத்து மட்டும் தண்ணி. புள்ளைகிட்ட வந்து சேந்துருச்சி, அதெல்லாம் சேந்துருச்சி. ஆனா புள்ள கல்லாப் பூட்சி. அப்பறம் வாயே தொறக்கல அம்மாகிட்ட."

அரை அவர். கழுத்து மட்டும் தண்ணி. இது அரியலூரில் நடந்த கதை இல்லை.

பத்து வருஷமாக, ஒவ்வொரு சனிக்கிழமையும், ஊரார் பிள்ளைகளிடமெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறாள். நான் வாசலில் செருப்பு மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்ப் பெட்டியின் மேல் சாய்ந்தேன், லேபிளை முதுகால் மறைத்து.

"ஏய், கண்ணாடில சாயாத! ரேக படும்! நவுரு அந்தாண்ட" என்று அம்மா நாற்பது பேர் முன்னால் கத்தினாள்.

"எனக்கு மயக்கமா வருது" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மோசமாக நான் நடித்ததில்லை.

"காலைல நாலு இட்லி துன்னவளுக்கு இன்னாடி மயக்கம்?" கையைப் பிடித்து இழுத்தாள். நகர்ந்துவிட்டேன். முன்வரிசைப் பையன், அனிருத் என்று சட்டையில் பேட்ஜ், குனிந்தான்.

"ஆன்ட்டி! இங்க சாணம்னு போட்டிருக்கு! கல்லாகிய சாணம்!"

அறையே வெடித்தது. ஆய், ஆய் என்று ஒருத்தன் ஆரம்பிக்க, மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்பது பேரும் குதித்தார்கள். அம்மா குனிந்து எழுத்துக் கூட்டினாள். சா... ண... ம். நிமிர்ந்து லாவண்யாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என் எதிரிக்கும் நான் வேண்ட மாட்டேன்.

"அக்கா, சத்தியமா நான் வெக்கல" என்றாள் லாவண்யா.

"நான்தான் வெச்சேன்" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. லாவண்யாவைத்தான் கேட்டாள். "மெய்யாலுமா? இது புள்ள இல்லியா?"

லாவண்யா தலையாட்டினாள்.

அம்மா தன் கையைப் பார்த்தாள். மெதுவாக மோந்து பார்த்தாள். பிள்ளைகள் இன்னும் பலமாகக் கத்தினார்கள்.

"இன்னாத்துக்கு இப்ப மூக்கப் பொத்துறீங்க?" என்று அதட்டினாள். "ஒங்க அம்மாங்க அள்ளாத ஆயா? இத்தினி பேர் குந்திகினுகீறீங்களே, அள்ளாமயா வளந்தீங்க?" சத்தம் கொஞ்சம் அடங்கியது. அவள் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு என்னவோ கணக்குப் போடுகிறவள் மாதிரி நின்றாள். பிறகு சொன்னாள்:

"இரு, இரு. முட்டைன்னா பொரியாமயே செத்துப்போச்சின்னு அர்த்தம். ஆயின்னா? துன்னுருக்கு. செரிச்சிருக்கு. போட்டுட்டு எந்திரிச்சிப் பூட்சி. அப்ப அன்னிக்கி அது சாவல. உசுரோட இருந்திச்சி. அப்டித்தானேம்மா?"

அவள் லாவண்யாவை 'அம்மா' போட்டுப் பேசியது அதுதான் முதல்முறை.

"அப்டித்தான்க்கா" என்றாள் லாவண்யா. "இதுக்குள்ள மீன் முள்ளு, செதிள்கூட இருக்கும். என்ன சாப்ட்டுதுன்னே பாத்துச் சொல்லலாம்."

"பாத்தியா. யாரோ சோறு போட்டிருக்காங்கோ" என்றாள் அம்மா. அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். நான் வரைபடத்துப் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன். எரியாது என்று தெரியும். இருந்தாலும் அமுக்கினேன்.

பிள்ளைகள் போன பிறகு மாமி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துத் தீர்த்தாள். "என்கிட்டகூட அவர் எச்சம்னுதான் சொன்னார். ஆத்துக்காரர் சொன்னா சரியா இருக்கும்னு நானும் பூஜை பண்ணாத கொறைதான் போ." பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "ஆனாலும் பத்து வருஷம் தப்பாச் சொல்லிண்டிருந்திருக்கோம், முனியம்மா. சனிக்கிழமை லாவண்யாவே சொல்லட்டும்" என்றாள்.

"மாமி, புடவை என்னால முடியாது" என்றாள் லாவண்யா. "இந்தப் பெட்டியும் அக்காதான் சொல்லணும்."

"சரி. அது ரெண்டும் அவளோடது. மத்ததெல்லாம் ஒன்னோடது."

அம்மா துணியை எடுத்தாள். லாவண்யா விரல் வைத்திருந்த இடத்தைத் துடைத்தாள். அன்றைக்கு லாவண்யாவின் டீயில் சர்க்கரை இருந்தது. அரை ஸ்பூன்.

மத்தியானம் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்குப் பெரும்பாக்கம், எனக்கு தி.நகர். அடி விழும் என்று பையை மடியில் தயாராகப் பிடித்திருந்தேன்.

"அன்னிக்கி எத்தினி ரொட்டி துன்ன?" என்றாள்.

எந்த அன்னிக்கி என்று நான் கேட்கவில்லை. "நாலு துண்டு."

"நோவுச்சா வயிறு?"

"ம்."

"சொல்லவேயில்ல நீ."

"நீ கேக்கவேயில்ல."

அவள் பஸ் வந்தது. எழுந்தவள், முந்தானையை எடுத்து என் நெற்றி வியர்வையை ஒற்றினாள். ஒற்றினாள் என்றா சொன்னேன், தேய்த்தாள். பனியன் துணி வேகத்தில்தான். அப்படியே ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நான் உள்ளேதான் நின்றேன். லாவண்யா நத்தை, சிப்பி, சுறா எல்லாம் சொல்லி முடித்ததும் அம்மா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு பெட்டிக்கு வந்தாள்.

"இது கடல் பல்லியோ மீனோ, போட்ட ஆயி. மூக்கப் பொத்தாத, கேளு. அன்னிக்கி வெள்ளம். அம்மா ஊட்ல இல்ல. ஆனா பக்கத்தூட்டுக்காரி ஒருத்தி நல்லவ. நாலு துண்டு குட்த்தா. நாலும் துன்னுபுட்டு, வயிறு நொந்துகினு, போட்டுட்டு, உசுரோட எந்திரிச்சிப் பூட்சி பாரு, அதான் கெட்டிக்காரப் புள்ள!"

பிள்ளைகள் கை தட்டினார்கள். கல் பேசாமல் உட்கார்ந்திருந்தது.

மடியைத்தான் கொடுத்தாள் என்றால், கடைசியில் என் ரொட்டியையும் அதற்கே கொடுத்துவிட்டாள்.